ஔவையாருக்கு எத்தனை என்ட்ரி?

எங்க ஊர் படிப்பகத்துல அறுபது வருஷத்துக்கு மேல கையால எழுதி வச்ச புத்தகப் பட்டியல் ஒண்ணு இருக்கு. தடி ரெஜிஸ்டர் மூணு, அதுல ஒண்ணை பாதிக்கு மேல கரையான் சாப்பிட்டாச்சு. மிச்சத்தையாவது கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு நூலகர் அக்கா கேட்டாங்க, எனக்கும் சனிக்கிழமை பெரிய வேலை இல்ல, சரின்னு உட்கார்ந்தேன். இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேர்தான். ஆசிரியர் பேரை அடிச்சா முதல்ல அந்தப் பேரு ஏற்கனவே இருக்கான்னு தேடும், இருந்தா "இதே ஆள்தானா?"ன்னு கேக்கும், நாம ஆமான்னா ரெண்டையும் ஒண்ணா சேத்துடும். நல்ல வசதின்னு நினைச்சேன். ஒரே நாவலாசிரியரை இனிஷியலோட ஒரு தடவ, இல்லாம ஒரு தடவ, ஊர்ப்பேரோட ஒரு தடவன்னு மூணு விதமா எழுதி வச்சிருந்த ரெஜிஸ்டர் அது, கண்ண மூடிட்டு ஆமா ஆமான்னு தட்டிட்டே போனேன்.

குழந்தைகள் அலமாரில கலர் படம் போட்ட ஆத்திசூடி வந்துச்சு, ஆசிரியர் ஔவையார். நீதிநூல் அலமாரில கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, மூணுக்கும் ஔவையார். பக்தி அலமாரில உள்ளங்கை அளவு விநாயகர் அகவல், அதுவும் ஔவையார். அப்புறம் யாருமே எடுக்காத யோகம், சித்தர் அலமாரில ஔவை குறள் உரையோட ஒண்ணு. 310 குறள், நாடி, குண்டலினி, மூச்சுக் கணக்குன்னு போற புத்தகம். தனிப்பாடல் திரட்டு எடுத்தா அதுல பாதி சண்டை இந்தம்மா போட்டது. கடைசியா சங்க இலக்கியம், புறநானூறு, குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு நாலுலயும் சேத்து 59 பாட்டு. ஆறு அலமாரி, ஒரே ஆள். இன்னிக்கு ஒரு எழுத்தாளர் குழந்தைப் பாட்டும் எழுதி, யோகா கைடும் எழுதி, காதல் கவிதையும் எழுதி, ராஜாவுக்கு தூதும் போயிட்டு வந்தேன்னு சொன்னா நாம நம்புவோமா, கோஸ்ட் ரைட்டர் யாருன்னுதான கேப்போம்.

நான் ஆறையும் ஒண்ணாத்தான் சேத்தேன். அதுக்கப்புறம் அந்த சாஃப்ட்வேர் ஆசிரியர் பக்கத்துல ரெண்டு கட்டம் காட்டுச்சு, பிறந்த வருஷம், இறந்த வருஷம். காலியா விட்டாலும் ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த ரெண்டு காலிக் கட்டமும் என்ன பாத்துட்டே இருந்த மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து படுத்தப்புறமும்.

ஔவையார் ஒருத்தர் இல்லன்னு நமக்கெல்லாம் தெரியும். பத்தாங்கிளாஸ் தமிழய்யா சொல்லிருப்பாரு, பரீட்சைக்கும் எழுதிருப்போம். சங்க கால ஔவை வேற, நீதிநூல் ஔவை வேற, எத்தனை பேருங்கிறதுல அறிஞர்களுக்குள்ள ஒரே கருத்து கிடையாது, அவ்வளவுதான். அந்த ஒரு வரிய சொல்லிட்டு எல்லாரும் நகந்துடுவோம். எனக்கு என்ன பிரச்சனன்னா, தெரிஞ்சும் மனசுக்குள்ள ஒரே உருவம்தான் நிக்குது. வெள்ள சேல, நெத்தி நிறைய விபூதி, கையில கோல், கே.பி. சுந்தராம்பாள் குரல். 1953ல ஜெமினி எடுத்த படம் அந்த உருவத்த அப்படியே ஆணி அடிச்சு மாட்டிடுச்சு, 1968 உலகத் தமிழ் மாநாட்டப்போ மெரினாவுல வச்ச சிலையும் கோல் ஊன்றின பாட்டிதான்.

அந்தப் பாட்டிய மனசுல வச்சிட்டு குறுந்தொகை 28வது பாட்டப் படிச்சுப் பாருங்க. "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்"னு ஆரம்பிக்கும். போய் முட்டிக்கவா, எதையாவது அடிக்கவா, ஆ ஓன்னு கத்தவா, என் நோவு தெரியாம தூங்குதே இந்த ஊருன்னு ஒரு பொண்ணு ராத்திரில துடிக்கிறா. காத்து வேற சுழட்டி அடிக்குது. அஞ்சே வரி. காதல் பண்ணி காத்திருக்கிற பொண்ணோட கோவத்த இதுக்கு மேல யாரும் சொன்னதா எனக்குத் தெரியல, அதுவும் கோவம் அவன் மேல இல்ல பாருங்க, தூங்குற ஊர் மேல. இத எழுதின கையும் "பேதைமை என்பது மாதர்க்கு அணிகலன்"னு எழுதின கையும் ஒண்ணுதான்னு நான் ஒரு பட்டனத் தட்டி பதிவு பண்ணிருக்கேன். ஊர எழுப்பலாமான்னு கேட்டவளும், பொம்பளைக்கு விவரம் இல்லாம இருக்கிறதுதான் நகைன்னு சொன்னவளும் ஒரே ஆளு. எனக்கு அது பொறுக்கல.

"சங்கத் தமிழ் மூன்றும் தா"

சரி பிரிச்சிடலாம், ஆனா எந்த ஆதாரத்துல? எனக்குப் பிடிக்கலங்கிறது ஆதாரம் ஆகுமா. அடுத்த சனிக்கிழமை அந்த நீதிநூல் கொத்த எடுத்து முதல் பக்கத்துலேந்து படிச்சேன். நல்வழி காப்பு. இது உங்களுக்கும் மனப்பாடம்தான்.

பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும் இவை
நாலும் கலந்துனக்கு நான்தருவேன் கோலஞ்செய்
துங்கக் கரிமுகத்துத் தூமணியே நீயெனக்குச்
சங்கத் தமிழ்மூன்றும் தா

ஒண்ணாங்கிளாஸ்லேந்து இத எத்தனை ஆயிரம் தடவ சொல்லிருப்பேன், அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு. சங்கத் தமிழத் தா. இவங்க பிள்ளையார்கிட்ட போய் சங்கத் தமிழ கேக்குறாங்க! புறநானூறுல பாடின ஆளு எதுக்குங்க சங்கத் தமிழ கேக்கணும், அது அவங்க வீட்டுப் பேச்சு. அதுக்கு சங்கம்னே பேரு பின்னாடிதான வந்துச்சு. கேக்குறாங்கன்னா அது இவங்க கையில இல்லன்னு அர்த்தம், தூரத்துல, பெருமையா, கடவுள்கிட்டதான் கேட்டு வாங்கணும்ங்கிற அளவுக்கு பழசாயிடுச்சுன்னு அர்த்தம். இதுல இன்னொண்ணு, கேக்குறது பிள்ளையார்கிட்ட. சங்கப் பாட்டுகள்ல பிள்ளையாரே கிடையாது. ஆக அந்த நாலு வரிலயே, நான் அவ இல்லன்னு எழுதினவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான். அதே பேருல எழுதிட்டு, அந்தப் பேருக்கு முதல்ல சொந்தக்காரியா இருந்தவளோட தமிழ எனக்கும் கொஞ்சம் குடுன்னு கேட்டிருக்காங்க.

அதே நல்வழியோட கடைசிப் பாட்டு, 40ஆவது, இன்னும் நேரடி. தேவர் குறள், மூவர் தமிழ், திருவாசகம், திருமூலர் சொல் எல்லாம் ஒரே வாசகம்னு உணருன்னு சொல்லுது. மூவர் தமிழ்னா தேவாரம், 7ஆம் நூற்றாண்டும் அதுக்கப்புறமும். திருவாசகம் அதுக்கும் பிந்தி. அதியமான் கையால நெல்லிக்கனி வாங்கினவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க முடியாது. அதியமான் நெடுமான் அஞ்சி நிஜமான ஆளு, தகடூர்க்காரரு, இப்போ தர்மபுரி. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல 1981ல கண்டுபிடிச்ச கல்வெட்டுல பேரே வெட்டி வச்சிருக்கு, அஞ்சி குடுத்த குகைன்னு. அவரு இருந்தது ரெண்டாயிரம் வருஷம் முன்ன. நல்வழிக்கும் அவருக்கும் நடுவுல குறைஞ்சது எட்டு ஒம்பது நூறு வருஷம்.

எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம். ஆதாரம் கிடைச்சிடுச்சு. உடனே சாஃப்ட்வேர்ல போயி ஔவையார் (1), ஔவையார் (2), ஔவையார் (3)னு பிரிக்க ஆரம்பிச்சேன். ஒண்ணு சங்க காலம். ரெண்டு நீதிநூல். மூணு யோகம், அகவலையும் ஔவை குறளையும் அதுல போட்டேன், ரெண்டுலயும் குண்டலினி வருது, வேற வழி தெரியல. அதே நேரத்துல இன்னொரு கூத்து, நாலாவதா ஒருத்தங்க ஏற்கனவே அங்க இருந்தாங்க. யாருன்னு பாத்தா, போன வாரம் இன்னொரு பையன் டைப் பண்ணப்போ ஔ எழுத்துக்குப் பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டிருக்கான். கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற ஆளு. நெட்ல தேடினாலும் இதே கதைதான், ஒண்ணுல தேடினா இன்னொண்ணு வராது, "அவ்வையார்"னு போட்டா மூணாவது கூட்டம் வரும். ரெண்டாயிரம் வருஷமா பல பேர ஒரே பேருல சேத்தோம், இப்போ ஒரே பேர பல ஆளாக்கிட்டோம்.

நூலகர் அக்கா பின்னாடி நின்னு பாத்துட்டு, "என்ன தம்பி, ஔவையாருக்கு நாலு என்ட்ரி போட்டிருக்கீங்க, ரேஷன் கார்டா"ன்னாங்க. நான் நல்வழி கதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "அப்ப அந்த சாதி இரண்டொழிய வேறில்லை பாட்ட யாருக்கு போட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

அங்கதான் மாட்டினேன்.

பிடிச்சது ஒருத்தருக்கு, பிடிக்காதது இன்னொருத்தருக்கு

"சாதி இரண்டொழிய வேறில்லை"யும் நல்வழிதான். குடுத்தவன் பெரியவன், குடுக்காதவன் இழிகுலம், சாதின்னு இருக்கிறது இந்த ரெண்டுதான்னு அடிச்சு சொல்ற பாட்டு. "ஒருநாள் உணவை ஒழியென்றால் ஒழியாய்"னு சொந்த வயித்தோட சண்ட போடற பாட்டும் அதே புத்தகம். இதெல்லாம் எனக்கு உயிரு. என் மனக்கணக்குல நான் என்ன பண்ணி வச்சிருந்தேன்னா, குறுந்தொகை, அதியமான், கள்ளு, சாதி இரண்டு, வயிறு எல்லாம் நல்ல ஔவை, "தையல் சொல் கேளேல்", "உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு" எல்லாம் கெட்ட ஔவை. நூற்றாண்டக் காட்டி பிரிச்சேன்னு பீத்திக்கிட்டேன், உள்ள நடந்தது எனக்குப் பிடிச்சது ஒரு பக்கம் பிடிக்காதது ஒரு பக்கம். நல்வழிய எழுதினவங்களே ஆத்திசூடியையும் எழுதிருந்தா? இருக்கலாம், ஒரே ஆளு காலைல ஞானமாவும் சாயங்காலம் அசடாவும் பேசறது எங்க வீட்டுலயே தினம் நடக்குது.

ஆத்திசூடிய பத்தி ஒண்ணு சொல்லணும், இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க. 109 வரியும் திரும்பப் படிச்சேன். அது பேசறது பையன்கிட்ட. "மெல்லி நல்லாள் தோள்சேர்"னு வருது, "மைவிழியார் மனை அகல்"னு வருது. பொண்டாட்டியோட இரு, தாசி வீட்டுக்குப் போகாத. எந்த பொண்ணுக்கு இந்த அட்வைஸ் தேவ? திண்ணையில மணல்ல விரல் வச்சு அகர வரிசை எழுதற பையன்களுக்காக செஞ்ச பாடம் இது. அதுல "தையல் சொல் கேளேல்"னு ஒரு பாட்டி சொல்றாங்கன்னா, சொல்றவங்க பேச்ச கேக்கக்கூடாதுன்னு சொல்றவங்களே சொல்றாங்க. அப்ப எதக் கேக்கறது. பாரதி புதிய ஆத்திசூடி எழுதினப்போ சரியா அந்த வரி மேலதான் கை வச்சாரு, "தையலை உயர்வு செய்". எனக்கென்னமோ அந்த எடத்துல பாட்டியோட குரல் இல்ல, பாட்டி வேஷத்துல ஒரு வாத்தியார் தொண்டைய செருமுற சத்தம்தான் கேக்குது. நிரூபிக்க முடியாது.

வேஷம் ஏன் பாட்டி வேஷமாச்சுன்னு யோசிச்சா அந்தப் பேருலயே பதில் இருக்கு. அவ்வைன்னா தாய், பாட்டி, வயசான அம்மா. தெலுங்குல அவ்வான்னா பாட்டி, கன்னடத்துல அவ்வான்னா அம்மா, நம்மூர்லயும் பல வீட்டுல பாட்டிய அவ்வான்னுதான் கூப்புடறாங்க. ஆக அது பேரா இருந்ததவிட விளியா, மரியாதையா இருந்திருக்கலாம். "அம்மா எழுதினது"ன்னு ஒரு புத்தகத்து மேல போட்டா எந்த அம்மான்னு யாரு கேப்பாங்க.

இதே நிலம ஆம்பள புலவர்களுக்கும் வந்துச்சு, அத கவனிங்க. கபிலர், பரணர், நக்கீரர் பேருலயும் பின்னால வந்தவங்க பாடினாங்க, அந்த பக்திப் பாட்டெல்லாம் பதினோராம் திருமுறைல இருக்கு. ஆனா அங்க எப்படிப் போட்டிருக்கு? கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார். கதைகள்ல குழப்பினாலும், தொகுத்தவங்க பேருக்குப் பின்னாடி ஒரு வாலு ஒட்டி வச்சிட்டாங்க, அதனால நமக்கு பிரிக்கறது சுலபம். ஔவைக்கு அந்த வாலு கிடைக்கல. ஔவைதேவ நாச்சியார்னு யாராவது ஒருத்தர் போட்டிருந்தா எனக்கு நாலு சனிக்கிழமை மிச்சமாயிருக்கும்.

அதவிட மோசம் என்னன்னா, அச்சுல பாட்டி முந்திக்கிட்டாங்க. உ.வே.சா. புறநானூற அச்சுல கொண்டு வந்தது 1894. குறுந்தொகை முதல் பதிப்பு 1915. அதுக்குள்ள திண்ணைப் பள்ளி வழியா, தனிப்பாடல் கதைகள் வழியா, கம்பர் ஒட்டக்கூத்தர்கூட மல்லுக்கு நின்ன, சுட்ட பழம் சுடாத பழத்துல முருகன்கிட்ட ஏமாந்த பாட்டி வீட்டுக்கு வீடு குடி வந்தாச்சு. கல்யாணம் வேண்டாம்னு சின்னப் பொண்ணு பிள்ளையார வேண்டி கிழவியாயிட்டாங்கிற கதையும் வந்தாச்சு, படத்துலயும் அது இருக்கு. அதாவது இளமையான ஔவை ஒருத்தி இருந்தாளேன்னு யாராவது கேட்டா அதுக்கும் பதில் தயாரா இருந்துச்சு. அப்புறமா அச்சுல வந்த அந்த நிஜ இளம் ஔவை, "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே"ன்னு, கொஞ்சமா கள்ளு கிடைச்சா எனக்கே குடுத்துடுவான், நிறைய கிடைச்சா நான் பாட அவனும் சந்தோஷமா குடிப்பான்னு செத்துப்போன அதியமானுக்காக அழறவ, வாசல்ல வந்து நின்னப்போ திண்ணையில உட்கார எடம் இல்ல.

ஆச்சி வச்ச கதவு

இத்தன நாள் ஆளாளுக்கு புத்தகத்த பிரிச்சிட்டு இருந்தவனுக்கு திடீர்னு எங்க ஆச்சி ஞாபகம் வந்துச்சு. எங்க தென்கோடிப் பக்கம் ஔவையார் நோன்புன்னு ஒண்ணு உண்டு, செவ்வாக்கிழமை ராத்திரி, ஆம்பளைங்க எல்லாம் தூங்கினப்புறம். "அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி"ம்பாங்க, இந்த மூணு மாசத்துல ஒண்ணுலயாவது செஞ்சாகணும். உப்பு போடாத கொழுக்கட்ட அவிச்சு, ஒருத்தங்க ஔவையார் கதைய சொல்லுவாங்க, மத்தவங்க கேப்பாங்க. கைக்குழந்தையா இருந்தாலும் ஆண்பிள்ளை அந்தக் கொழுக்கட்டைய பாக்கக்கூடாது, திங்கக்கூடாது, கதையும் கேக்கக்கூடாது. விடியறதுக்குள்ள ஒண்ணு மிச்சமில்லாம தின்னு முடிச்சிடுவாங்க.

எனக்கு ஏழு வயசுல ஒரு தடவ முழிப்பு வந்து கதவத் தட்டிருக்கேன். உள்ள சிரிப்புச் சத்தம். ஆச்சி கதவத் திறக்காமலே, "போயி படுல, இது பொம்பளைங்க கத"ன்னாங்க. காலைல அம்மாகிட்ட என்ன கதன்னு கேட்டா, சொன்னா கண்ணு போயிடும்னு சொல்லிட்டாங்க. இப்போ ஃபோன் பண்ணி கேட்டேன், எனக்கு நாப்பத்தெட்டு வயசு, தலை நரச்சாச்சு, ஆராய்ச்சிக்குன்னு வேற சொன்னேன். "ஆராய்ச்சிக்கு நீ புத்தகத்தப் பாரு"ன்னு சிரிச்சிட்டு வச்சிட்டாங்க.

என் நாலு என்ட்ரிலயும் இந்த ஔவை இல்ல. ஒரு கதை, சொல்றவங்க ஒவ்வொருத்தரும் கொஞ்சம் மாத்தி சொல்லிருப்பாங்க, ஆத்திசூடிய மனப்பாடம் பண்ணின பையன் எவனுக்கும் காதுல விழாம நடு ராத்திரில ஓடிட்டிருக்கு. எழுதின ஔவைகள் எல்லாத்தையும் தொகுத்தது, உரை எழுதினது, அச்சு போட்டது, இப்போ கம்ப்யூட்டர்ல நம்பர் போட்டது எல்லாம் ஆம்பளைங்க. இந்த ஒண்ணுதான் கைக்கு சிக்கல. அந்தக் கதையில வர்றவ குறுந்தொகைக்காரியா, நல்வழிக்காரியா, யாரையும் சேராத இன்னொருத்தியான்னு எனக்கு சொல்ல யாரும் தயாரா இல்ல.

கடைசியா என்ன பண்ணேன்னு கேட்டீங்கன்னா, (1), (2), (3) எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டேன், எழுத்துப்பிழை ஔவைய மட்டும் தூக்கினேன். "சாதி இரண்டொழிய" ரெண்டாவது ஆளோடதான் இருக்கு, "தையல் சொல் கேளேல்" பக்கத்துலயே. அக்காவுக்கு அது போதும்னு தோணுச்சு. பிறந்த வருஷம் இறந்த வருஷம் காலிதான்.

ஒரு வேல மட்டும் கூடுதலா செஞ்சேன். முதல் ஔவையோட பாட்டுகள வரிசையா அடிச்சிட்டு வந்தப்போ அகநானூறு 147 வந்துச்சு. ஊர்ல இருக்க முடியாம அவனத் தேடி கிளம்பிடலாம்னு நினைக்கிற பொண்ணு பேசற பாட்டு. அதுல "வெள்ளி வீதியைப் போல"ன்னு ஒரு வரி. வெள்ளிவீதியும் புலவர்தான், வெள்ளிவீதியார். நாலு நூலுல 59 பாட்டு விட்டுட்டுப் போன ஆளு, இன்னொரு பொம்பள புலவரோட பேர தன் பாட்டுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் குறுந்தொகைய திருப்பிப் பாத்தா, அந்த "முட்டுவேன்கொல்" 28ஆவது பாட்டு, அதுக்கு முந்தின 27, "கன்றும் உண்ணாது கலத்தினும் படாது", வெள்ளிவீதியார் எழுதினது. பக்கத்துப் பக்கத்துல. தொகுத்தவரு தெரிஞ்சு வச்சாரா தெரியாம வச்சாரா.

எங்க பட்டியல்ல வெள்ளிவீதியாருக்கு என்ட்ரியே இல்ல, சங்கப் புலவர்களை எல்லாம் "பலர்"னு ஒரே பேருல போட்டிருந்தோம். தனியா ஒண்ணு அடிச்சேன். இந்தப் பேருல வேற யாரும் இல்ல, புது ஆசிரியரான்னு கேட்டுச்சு. ஆமான்னு தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை சித்த வைத்திய அலமாரி. இப்பவே போயி எட்டிப் பாத்துட்டேன், மருந்து, மாந்திரீகம், ஜோசியம், இலக்கணம்னு அகத்தியர் பேருல மட்டும் பதினோரு புத்தகம் இருக்கு.